பேனா பத்திரமாக இருக்கிறது, பெட்டி எடைக்குப் போகிறது

சில வருஷங்களாக மைப் பேனாவுக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. என்னோடு பணி ஓய்வு பெற்றவர்களில் நாலைந்து பேர் பேனா சேர்க்கிறார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கும் பேரன் வயதுப் பிள்ளைகள்கூட, கையெழுத்துப் போடுவதற்கென்றே ஒரு எபோனைட் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வருகிறார்கள். திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம், சென்னை பாரிமுனை ஜெம் கம்பெனியின் காமா என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனாலும் ஒரு அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டும். பேனாவைப் பற்றி நாம் இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. அலமாரியில் வைத்தால் அது பாட்டுக்கு ஐம்பது வருஷம் கிடக்கும். அழிந்துகொண்டிருப்பது அதைக் கடைந்த கருவிகள். ஒரு கடைசல்காரர் கண்ணை மூடினால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவர் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அத்தோடு அவர் கையால் செய்த பேனாக்கள் எல்லாம் அநாதை. இது வெறும் பேச்சு இல்லை என்று காட்ட, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பேனா செய்யத் தொடங்கும்போது கையில் இருப்பது ஒரு கறுப்புத் தடி. அதுதான் எபோனைட். ரப்பரோடு கந்தகம் சேர்த்து வேகவைத்துச் செய்வது. டயர் ரப்பருக்கு நூறு பங்குக்கு ஒன்றிரண்டு பங்கு கந்தகம் போதும். எபோனைட்டுக்கு 30 முதல் 50 பங்கு வரை போடுவார்கள். அதனால்தான் அது மரம்போல இறுகி, கடைய இணங்குகிறது. கடையும்போது பட்டறை முழுக்கக் கந்தக வாடை அடிக்கும். வெயிலில் கிடந்தால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். இந்தத் தடியை ரம்பத்தால் மூன்றாக அறுப்பார்கள்: மூடிக்கு ஒன்று, மை நிற்கும் குழாய்க்கு ஒன்று, விரல் பிடிக்கும் கழுத்துக்கு ஒன்று.

அடுத்தது லேத். பேனாக் கடைசலுக்குப் பெரிய லேத் வேண்டாம். மேசைமேல் அடங்கும் சின்னது போதும். தடியைப் பிடிக்க ஒரு சக்கு, சுழற்ற ஒரு மோட்டார், உளியைத் தாங்க ஒரு இரும்புப் பலகை. பெரிய பட்டறையில் உளியை இயந்திரமே பிடித்துக்கொள்ளும். இங்கே கைதான் பிடிக்கிறது. எவ்வளவு அழுத்த வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் உளியை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் கைக்கும் காதுக்கும் தெரிந்த கணக்கு. பிறகு துளைக்கும் டிரில் பிட்டுகள். ஒரேயடியாக முழு அகலத்துக்குத் துளைத்தால் எபோனைட் சூடேறிக் கெட்டுவிடும். சிறிய பிட்டில் ஆரம்பித்து, அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டி, ஆறவிட்டு, படிப்படியாகப் பெரிதாக்குவார்கள்.

குழாயின் சுவர் எவ்வளவு கனம் என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். நம் வயதுக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். ஃபில்லரால் மை ஊற்றும் பேனாவில், மை பாதிக்கு மேல் தீர்ந்ததும் உள்ளே காற்று நிறைகிறது. கைச்சூடு பட்டால் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பேனா கக்குகிறது என்று சொல்வோமே, அது இதுதான். சுவர் கனமாக இருந்தால் சூடு மெள்ளத்தான் உள்ளே போகும். சட்டைப்பையில் நீல வட்டத்தோடு ஆபீசுக்குப் போன அத்தனை பேரும் மெல்லிய சுவரால் பாதிக்கப்பட்டவர்களே.

இனிப் பெட்டியின் உயிருக்கு வருகிறேன். மூடியும் குழாயும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ள மரை வேண்டும். உள்மரை வெட்டுவது டேப், வெளிமரை வெட்டுவது டை. கடையில் விற்கும் டேப்பும் டையும் போல்ட்டுக்கும் நட்டுக்கும் ஆனவை. அவற்றைப் பேனாவில் போட்டால் மூடியைக் கழற்றுவதற்குள் எழுத நினைத்தது மறந்துபோகும். அதனால் நல்ல பேனாக்களில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று மரைகளை இணையாக ஓட்டுவார்கள். இன்று மேல்நாட்டில் வீட்டிலேயே பேனா செய்கிறவர்கள் பரவலாக வைத்திருப்பது 13 மில்லிமீட்டர் விட்டமும் மூன்று தொடக்கமும் உள்ள டேப். அதில் பல்லுக்குப் பல் 0.8 மில்லிமீட்டர், ஒரு சுற்றில் மூடி 2.4 மில்லிமீட்டர் நகரும். ஒன்றிரண்டு சுற்றில் மூடி கையில் வந்துவிடும்.

நம் பழைய கடைசல்காரர்களுக்கு இப்படி வரவழைக்க வழியில்லை. எஃகுக் கம்பியை எடுத்துத் தாங்களே மரை ஓட்டி, அரத்தால் பள்ளம் ராவி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தி, தங்களுக்கென்று டேப் செய்துகொண்டார்கள். அவர் போட்டதுதான் அளவு. பக்கத்துத் தெருக்காரரின் டேப்புக்கும் அதற்கும் ஒத்துப்போகாது. இன்ச் கணக்கிலும் அடங்காது, மில்லிமீட்டர் கணக்கிலும் அடங்காது.

மூடியும் குழாயும் ஆன பிறகு கழுத்து. நிப்பும் அதன் அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையும் (நாக்கு என்போம்) ஒன்றாக இறுகி உட்காரும் துளையை ஒரு மயிரிழை பிசகாமல் சீவ ஒரு தனி உளி. நாக்கில் மை இறங்க நீளவாட்டில் நூல்போல வாய்க்கால் கீற ஒரு மெல்லிய ரம்பம். மை ஒரு பக்கம் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து நின்றுவிடும். இந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்துத்தான் நியூயார்க்கில் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு மேல் உப்புத்தாள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மெல்லிய தாள், கடைசியில் துணிச் சக்கரத்தில் மெருகு. கிளிப்புக்குப் பித்தளைத் தகட்டை வெட்டி வளைக்க ஒரு சிறு அச்சு.

நிப்பு மட்டும் கடைசலில் வராது. தகட்டை அச்சில் வெட்டி, துளையிட்டு, வளைத்து, கெட்டிப்படுத்தி, நடுவில் பிளக்க வேண்டும். அதற்கு பிரஸ்ஸும் அச்சுக்கட்டைகளும் தேவை. காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பேர்போன சாத்தூரில் ஒரு காலத்தில் நிப்பு செய்வது பெரிய குடிசைத் தொழில். பந்துமுனைப் பேனா வந்தது, அந்தத் தொழில் ஒடுங்கியது. நிப்பு போனால் இன்னொரு நிப்பு வாங்கலாம். அதன் அச்சுக்கட்டை போனால் என்ன செய்வது?

பெட்டி போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன். புதுச்சேரியில், நான் வேலையில் சேர்ந்த காலத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடைசல் பட்டறை ஒன்று இருந்தது. பம்பரம், தொட்டில் குமிழ், கேரம் காய் எல்லாம் கடைவார். கேட்டால் பேனாவும் செய்து தருவார். எங்கள் ஆபீசில் பாதிப் பேரிடம் அவர் செய்த பேனா இருந்தது. எங்கள் அதிகாரி ஒருவருக்குப் பதிவேட்டில் பந்துமுனைப் பேனா பட்டால் கோபம் வரும். ஆகவே பட்டறைக்காரருக்கு எங்கள் புண்ணியத்தில் வியாபாரம் குறையவில்லை. அவருடைய டேப்புகள் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று குத்தியிருப்பார். அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். “இது என்னத்துக்கு இத்தனை புள்ளி?” என்று கேட்டால், “என் கைக்குத் தெரியும் சார்” என்பார்.

அவர் போய்ப் பல வருஷம் கழித்து ஒரு நண்பரின் பேனா மூடி வெடித்துப்போனது. நானும் அவரும் ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைத் தம்பி கெட்டிக்காரர். வெர்னியர் வைத்துப் பார்த்தார், மரை அளக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். “ஐயா, இது எந்த அளவுலயும் சேரலீங்க. இதுக்குன்னே தனியா டேப் செஞ்சாத்தான் உண்டு. ஒரு மூடிக்காக அதைச் செஞ்சா உங்களுக்குக் கட்டுப்படியாகாது” என்றார். அந்த பிஸ்கட் டப்பா என்ன ஆனது என்று பழைய பட்டறைக்காரரின் பேரனை விசாரித்தோம். லேத்தோடு சேர்த்துக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்தப் பிள்ளைமேல் எனக்கு வருத்தம் இல்லை. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளுக்கு மூன்று புள்ளி வைத்திருந்தால் யாருக்கு என்ன புரியும்? வீட்டில் இடம் வேண்டும், கையில் காசும் வேண்டும். நானும் அந்த இடத்தில் இருந்தால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். “இப்போதுதான் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கிறதே! பெர்லினில் ஜோவோ கம்பெனி நிப்பு, நாக்கு, கூடு மூன்றையும் ஒரே திருகாகச் செய்து தருகிறதே! கழுத்துக்குள் 7.4 மில்லிமீட்டர் மரை வெட்டினால் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு. பழைய டேப்புக்காக ஏன் அழ வேண்டும்?”

நியாயமான கேள்விதான். எல்லாருக்கும் ஒரே அளவு என்பது பெரிய சௌகரியம். அதை நான் மறுக்கவில்லை. புதிதாகச் செய்கிறவர்கள் அப்படியே செய்யட்டும். ஆனால் அதனால் ஏற்கனவே நம் வீட்டில் இருக்கும் பேனாவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இன்னொன்று, பேனாவின் முக்கால்வாசிச் சூட்சுமம் நிப்பும் நாக்கும் சேரும் இடத்தில் இருக்கிறது. அதை முழுசாக வெளியிலிருந்து வாங்கித் திருகிவிட்டு, உடம்பை மட்டும் கடைவதைப் பேனா செய்வது என்று சொல்லலாம். அடியிலிருந்து செய்வது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராஜமுந்திரி ரத்னம் பேனாவின் கதை நமக்குத் தெரியும். உள்நாட்டிலேயே செய்த பேனா அது. நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் மூலமாக காந்திஜியிடம் போய்ச் சேர்ந்தது. 1935-இல் அவர் அதற்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். அந்தப் பேனாவின் பெருமை பளபளப்பில் இல்லை. கெட்டுப்போனால் செய்தவரே சரிபண்ண முடியும் என்பதில் இருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். கட்டைப் பேனாவை ஊதா மையில் தொட்டுத் தொட்டு எழுதிய தலைமுறை. அந்தப் படிப்பால் கிடைத்த இரண்டு விஷயங்கள் இந்த இடத்தில் உதவும்.

திதெரோ என்ற அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். எழுத்து 17 தொகுதி. அதோடு 1762 முதல் 1772 வரை படங்களுக்கு மட்டும் 11 தொகுதி. அந்தப் படங்களில் பெரும்பகுதி ராஜா ராணி இல்லை. கத்தி செய்பவர், கண்ணாடி செய்பவர், கடைசல்காரர் என்று தொழிலுக்குத் தொழில் அவரவர் கருவிகளைத் தனித்தனியாக வரைந்து, எண் போட்டு, இன்னது இன்னதற்கு என்று விளக்கி வைத்தார்கள். திதெரோவின் அப்பா லாங்கர் ஊரில் கத்தி செய்யும் தொழிலாளி. கருவியின் மதிப்பு அந்த மகனுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, 1794. பிரெஞ்சுப் புரட்சி நடந்து நாடே அல்லாடிக்கொண்டிருந்த நேரம். அப்போது கிரெகுவார் என்ற பாதிரியார் எழுந்து, இயந்திரங்களையும் கருவிகளையும் மாதிரிகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துத் தொழிலாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கென ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தவைத்தார். பாரிசில் அது இன்றும் நடக்கிறது. வோகான்சோன் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த லேத்தை அதன் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். சாப்பாட்டுக்கே திண்டாட்டமாக இருந்த காலத்தில் அவர்களுக்குக் கருவியைப் பற்றி யோசிக்க முடிந்திருக்கிறது.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? எங்கள் ஊருக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த கல்மணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அந்தக் காலத்து மணிகளை எப்படித் துளைத்தார்கள் என்று அறிய, துளையின் உட்சுவரில் உள்ள கீறலைப் பார்த்து ஆராய வேண்டியிருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தொழிலுக்கு அது சரி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நம் கண்ணெதிரே நடந்த தொழிலுக்கும் அதே கதியா?

நான் ஆயுளில் பாதியை ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதியே கழித்தவன். அரசாங்க ஆபீசில் உடைந்த நாற்காலியைக்கூடச் சும்மா தூக்கிப் போட முடியாது. ரிஜிஸ்டரில் பார்க்க வேண்டும், இன்ன பொருள் இன்ன காரணத்தால் உதவாது என்று எழுத வேண்டும், மேலே கையெழுத்து வாங்க வேண்டும், அப்புறம்தான் ஏலம். வெளியில் இருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. எது போகிறது என்று தெரிந்து போயிற்று. கடைசல்காரரின் பெட்டிக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை என்பதுதான் என் குறை.

ஆகவே என் யோசனை இது. பேனா சேர்க்கும் நண்பர்கள் அடுத்த பேனாவை வாங்குவதற்கு முன்னால், தங்களுக்குத் தெரிந்த ஒரு கடைசல்காரரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகட்டும். ஐந்து கட்டம் கோடு போட்டால் போதும்: கருவியின் பெயர் (அவர் என்ன பெயர் சொல்கிறாரோ அது), எந்த வேலைக்கு, என்ன அளவு, எந்தப் பேனாவுக்கு, யார் செய்தது. ஒவ்வொரு டேப்பாலும் டையாலும் ஒரு துண்டு எபோனைட்டில் உள்மரை ஒன்றும் வெளிமரை ஒன்றும் வெட்டித் தரச் சொல்லுங்கள். அதில் ஒரு சீட்டுக் கட்டி வையுங்கள். நாளைக்கு டேப் தொலைந்தாலும், அந்தத் துண்டு இருந்தால் வேறொருவர் அதைப் பார்த்துப் புது டேப் செய்ய முடியும். உளியைப் பிடிக்கும் விதத்தைப் பேரப்பிள்ளைகளின் செல்போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். சத்தத்தோடு பிடிக்கட்டும், பாதி வேலை சத்தத்தில்தான் இருக்கிறது. அவருடைய அரை நாள் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். சும்மா கேட்டு வாங்குவது மரியாதை இல்லை.

அந்தத் தொழிலாளியின் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: விற்பதாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், இரும்பு விலைக்கு மேலே நாங்கள் தருகிறோம் என்று. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு ஜெர்மன் பேனாவுக்கு ஆகும் பணத்தில் ஒரு பெட்டியைக் காப்பாற்றலாம். வாங்கிய பெட்டியைக் கண்ணாடிக்குள் பூட்ட வேண்டாம். பக்கத்து ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு இருந்தால் அங்கே கொடுங்கள். லேத் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். கருவி ஓடிக்கொண்டிருந்தால்தான் துருப்பிடிக்காது.

இதைப் படிக்கும் உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். எது என்னவென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரும்புக்காரர் தெருவில் மணியடித்துக்கொண்டு வரும்போது அதை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, துணியில் சுற்றி, “பேனா செய்யும் சாமான்” என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். எழுதுவதற்கு மைப் பேனாதான் வேண்டும் என்பதில்லை. பந்துமுனைப் பேனாவே போதும்.